ஆராதனைப் பதிவுகளை நெடுங்காலம் வைக்க எது ஏற்றது: ஹார்டு டிஸ்க்கா, எம்-டிஸ்க்கா, டேப்பா?

முத்துநகர்_ஒலி (கேள்வி)

வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் ஆராதனைப் பதிவுகளை ஒழுங்காகச் சேமித்து வைக்க வேண்டும். கோவிலுக்கும் கடலுக்கும் ஒரு கிலோமீட்டர்தான். இருப்பு இது:

கேசட் 180. பாதி சி-60, பாதி சி-90. 1986 முதல் 2004 வரையிலான பிரதிஷ்டைப் பண்டிகை, கன்வென்ஷன், பாடகர் குழுவின் கிறிஸ்மஸ் கீத ஆராதனைகள்.
சி.டி-ஆர் 310. 2004 முதல் 2013 வரை. சில ஆடியோ சி.டி., சில எம்.பி.3 போட்டவை.
மினி டி.வி. நாடா 14, நூற்றாண்டு விழா வீடியோ.
2013-க்குப் பிறகு எல்லாம் ஒரே ஒரு 2 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க்கில். அதில் 1.4 டி.பி. நிறைந்திருக்கிறது. வேறு பிரதி கிடையாது.

இனிமேல் சேர்வது: ஞாயிறுதோறும் இரண்டு ஆராதனை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். அது போக லெந்து (தவக்காலம்), பெரிய வெள்ளி, அசனம் (சபை விருந்து), வருடக் கடைசி ஆராதனை என்று வருடத்துக்கு 40 மணி நேரம். மிக்சரிலிருந்து 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு). முதல் ஆராதனைக்கு மட்டும் வீடியோவும் உண்டு, நொடிக்கு 6 மெகாபிட்.

வெஸ்ட்ரியில் (கோவிலை ஒட்டிய அறை) ஏ.சி. இருக்கிறது, ஆனால் ஞாயிறு மட்டும்தான் ஓடும். "பெரிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி எல்லாவற்றையும் ஏற்றி பீரோவில் பூட்டிவிடுவோம், ஐம்பது வருடம் கிடக்கட்டும்" என்பது கமிட்டியின் யோசனை. முதல் வருடம் 40,000 ரூபாய் தருவார்கள், பிறகு வருடத்துக்கு 10,000. ஹார்டு டிஸ்க், எம்-டிஸ்க் (நெடுங்காலம் தாங்கும் என்று விற்கப்படும் ஒளித்தட்டு), டேப், இவற்றில் எதை வாங்கலாம்?


அளவுகோல்

சாமான் வாங்கும் முன் கணக்கைப் போடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 2,88,000 பைட். மணிக்கு 1.04 ஜி.பி. வருடத்துக்கு 208 மணி ஞாயிறு, 40 மணி பண்டிகை, ஆக 248 மணி. வேவாக வைத்தால் 257 ஜி.பி. சுருக்கும் வடிவமான ஃபிளாக் ஆக்கினால் ஒலியில் ஒரு பிட்கூடக் குறையாமல் சுமார் 150 ஜி.பி. வீடியோ மணிக்கு 2.7 ஜி.பி., 104 மணிக்கு 281 ஜி.பி. மொத்தம் வருடத்துக்கு 430 ஜி.பி. போல.

பழையவை: கேசட் 225 மணி நேரம், ஃபிளாக்கில் 140 ஜி.பி. சி.டி. எல்லாம் நிறைந்திருந்தாலும் 220 ஜி.பி.யைத் தாண்டாது. மினி டி.வி. மணிக்கு 13 ஜி.பி., 14 நாடாவுக்கு 180. ஏற்கெனவே உள்ள 1.4 டி.பி.யைச் சேர்த்தால் இன்றைக்கு 2 டி.பி.க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மூன்று வருடத்தில் 3.3 டி.பி. ஆகும். 4 டி.பி. டிஸ்க் அதுவரை போதும்.

ஃபிளாக்கைச் சொல்ல இடம் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் மூல ஒலியின் எம்.டி.5 செக்சம் (தகவலின் கைரேகை போன்ற எண்) பதிந்திருக்கும். பத்து வருடம் கழித்து யார் கையிலும் வேறு குறிப்பு எதுவும் இல்லாவிட்டாலும், ஃபிளாக் நிரலின் சோதனை வசதியை ஓட்டினால் கெட்ட கோப்பு எது, நல்லது எது என்று தெரிந்துவிடும். வேவில் இந்த வசதி இல்லை. வேவுக்கு 4 ஜி.பி. எல்லையும் உண்டு. உங்கள் அமைப்பில் 4 மணி 8 நிமிடத்தில் அது வந்துவிடும். கன்வென்ஷனை நிறுத்தாமல் ஓட்டினால் மிக்சரே கோப்பை இரண்டாகப் பிளக்கும், அல்லது பதிவு நின்றுவிடும். உங்கள் மிக்சர் இரண்டில் எதைச் செய்கிறது என்று இப்போதே சோதித்துவிடுங்கள்.

மூன்று எச்சரிக்கை. 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் கருவி இருந்தால் ஃபிளாக் அதை ஏற்காது, 24 பிட்டாக்கிக் கொள்ளுங்கள். பழைய எம்.பி.3-ஐ வேவாகவோ ஃபிளாக்காகவோ மாற்றாதீர்கள். போன தரம் திரும்பாது, இடம்தான் வீண். மூன்றாவது, பதினாறு சேனலையும் தனித்தனியாகப் பதியும் ஆசை வந்தால் மணிக்கு 8.3 ஜி.பி. ஆகும். பாடகர் குழுவின் விசேஷ ஆராதனைக்கு மட்டும் அதைச் செய்யலாம். வாராவாரம் அறிக்கை வாசிப்பதைப் பதினாறு சேனலில் வைத்து யாருக்கு என்ன பயன்?

எஸ்.எஸ்.டி. யோசனையைக் கமிட்டி கைவிடுவது நல்லது. அதில் தகவல் என்பது சிறு அறைகளில் அடைபட்ட மின்னூட்டம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் விதிப்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி. 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் தேர்ச்சி. புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட நெடுநாள் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் மே மாதத் தூத்துக்குடியில் பூட்டிய இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரி என்பது கனவு. பென்டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இதே கதைதான், இன்னும் மட்டமாக. பதிவு எடுக்க அவை சரி. வைத்துப் பாதுகாக்க ஆகாது.


வட்டுப்பொறி

உங்கள் அளவுக்கு முதுகெலும்பு ஹார்டு டிஸ்க்தான். 4 டி.பி. மூன்று. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடல் மூன்று வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் வந்தவற்றுக்கு ஒரே குறை இருந்தால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரண்டு வெவ்வேறு கம்பெனி, மூன்றாவதை ஆறு மாதம் கழித்து.

சின்ன 2.5 அங்குல போர்ட்டபிளைவிட 3.5 அங்குல டெஸ்க்டாப் டிஸ்க்கும் அதைச் செருகத் தனியாக ஒரு டாக்கும் வாங்குவது மேல். போர்ட்டபிள் பலவற்றில் யூ.எஸ்.பி. முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்து வருகிறது. முனை ஆடிப்போனால் உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் சாட்டா (கணினிக்குள் டிஸ்க் செருகும் முனை) வழியாகப் படிக்க வழியில்லை. சிலவற்றில் இணைப்புப் பலகையே தகவலைக் குறியாக்கம் செய்து எழுதுகிறது. பலகை போனால் டிஸ்க் நல்லா இருந்தும் வாசிக்க முடியாது.

எஸ்.எம்.ஆர். டிஸ்க் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுவது) கூடாது என்று பலர் சொல்வார்கள். ரெய்டில் (பல டிஸ்க்கை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) போடத்தான் கூடாது. ஒரு முறை எழுதிப் பூட்டி வைக்கும் காப்பகத்துக்கு அது தடையில்லை, எழுதும்போது பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: டிஸ்க் முழுவதும் ஒரு தடவை எழுதிப் படித்துப் பாருங்கள். 4 டி.பி.க்கு ஒரு நாள் முழுக்க ஓடும். பிறகு டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198 மூன்று எண்களையும் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர், காத்திருக்கும் செக்டர், சரிசெய்ய முடியாத செக்டர். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குத்தான் இந்தச் சோதனையை மாற்றித்தரும் கெடுவுக்குள் முடிக்கச் சொல்வது.

கோப்பு முறையாக எக்ஸ்ஃபாட் வேண்டாம், என்.டி.எஃப்.எஸ். போடுங்கள். எக்ஸ்ஃபாட்டில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு) கிடையாது. எழுதும்போது யாராவது கேபிளை உருவினால் அடைவு முழுதும் காணாமல் போகலாம். காப்பக டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு பூட்டும் போடாதீர்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர் வெளிநாடு போய்விட்டால் திருடனுக்கும் கிடைக்காது, சபைக்கும் கிடைக்காது.

எழுதும் முறை: மூலத்திலிருந்து நேராக ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஏற்றுங்கள். பிரதிக்குப் பிரதி எடுத்தால் முதல் பிரதியில் விழுந்த பிழையும் சேர்ந்து போகும். அதற்கு முன் எல்லாக் கோப்புக்கும் ஷா-256 செக்சம் எடுத்து ஒரு எழுத்துக் கோப்பில் சேமித்து, ஏற்றிய பிறகு ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதை வைத்துச் சரிபாருங்கள். "காப்பி ஆயிற்று" என்று திரை சொல்வது சரிபார்ப்பு ஆகாது.

செக்சம் கெட்டதைக் காட்டும், சரிசெய்யாது. சரிசெய்ய பார்2 கோப்பு (மீட்புக்கான கூடுதல் தகவல்). வருடத்துக்கு ஒரு அடைவு வைத்து அதற்கு 10 சதவீதம் பார்2 போட்டால், அந்த அளவுக்குள் எந்த இடத்தில் பிட் கெட்டிருந்தாலும் மீட்டுவிடலாம். 3.3 டி.பி.க்கு மேல் 10 சதவீதம் என்றால் 3.6. அப்போதும் 4 டி.பி.யில் அடங்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுழலவிட்டு செக்சம் ஓட்டுங்கள். ஐந்து வருடமானால் டிஸ்க் நன்றாக இருந்தாலும் புதியதுக்கு மாற்றுங்கள். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம், நான்காவது பிரதியாகக் கிடக்கட்டும்.


கீற்றொளி

ஹார்டு டிஸ்க் மூன்றும் சரி. ஆனால் மூன்றும் ஒரே ஜாதி. எல்லாமே எழுதி அழிக்கக்கூடியவை. தப்பான அடைவை அழித்துவிட்டு, அந்த மாற்றத்தையே மூன்றுக்கும் ஏற்றிவிட்டால் முடிந்தது. ஒரு தடவை எழுதினால் மாற்ற முடியாத பிரதி ஒன்று இருக்க வேண்டும். அதற்கு ப்ளூ-ரே.

எல்லாவற்றையும் அதில் போட வேண்டாம், கட்டாது. பிரசங்கம் மட்டும் எடுங்கள். வாரம் இரண்டு, தலா 35 நிமிடம். வருடத்துக்கு 60 மணி நேரம். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோ ஃபிளாக் மணிக்கு 0.3 ஜி.பி. போல வரும். 60 மணிக்கு 18 முதல் 19 ஜி.பி., பார்2 பத்து சதவீதம் சேர்த்து 21. ஒரு 25 ஜி.பி. தட்டில் ஒரு வருடம் முழுதாக அடங்கும், மிச்சத்தில் பட்டியலும் அந்த வருட பண்டிகைப் பாடல்களும். இரண்டு ஆராதனையிலும் ஒரே பிரசங்கம்தான் என்றால் பாதிதான் ஆகும். வருடத்துக்கு ஒரு தட்டு, இரண்டு பிரதி. முடிந்தது.

தட்டு வாங்கும்போது பெட்டியில் எல்.டி.எச். என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது சி.டி-ஆர் போல அங்ககச் சாயம் பூசியது. எச்.டி.எல். வகையில் சாயம் இல்லை, கனிமப் படலம். எம்-டிஸ்க்கும் கனிமம்தான். பி.டி-ஆரைப் பொறுத்தவரை எம்-டிஸ்க்குக்கும் நல்ல எச்.டி.எல். தட்டுக்கும் உள்ள தூரம், டி.வி.டி. காலத்தில் இருந்த அளவுக்கு இல்லை. அப்போது சாதாரணத் தட்டு சாயம், எம்-டிஸ்க் கனிமம். இப்போது இரண்டுமே கனிமம். "ஆயிரம் வருடம்" என்ற வாசகத்துக்காக மட்டும் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தத் தட்டை உருவாக்கிய மில்லெனியாட்டா கம்பெனி 2016-லேயே திவாலாகிவிட்டது, பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. தட்டு இப்போது வேறு கம்பெனிப் பெயரில் வருகிறது.

100 ஜி.பி. தட்டு மூன்று அடுக்கு. எழுதும்போது சொதப்பும் வாய்ப்பும் படிக்க அடம்பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். ஒற்றை அடுக்கு 25 போதும்.

4 மடங்கு வேகத்தில் எழுதுங்கள், ஒரு தட்டுக்கு 25 நிமிடம். முடிந்ததும் சரிபார்ப்பைத் தவறாமல் ஓட்டுங்கள். யூ.எஸ்.பி. ஹப் வழியாக எழுதாதீர்கள். மெல்லிய ரைட்டர்களுக்கு மின்சாரம் பற்றாமல் நடுவழியில் நின்று தட்டு பாழாகும், நேராகக் கணினியில் செருகுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. பசை காய்ந்து சுருங்கினால் தட்டு வளையும். ஆல்கஹால் இல்லாத, நீர் கலந்த மை உள்ள பேனாவால் நடுவில் தெளிவாக இருக்கும் வளையத்தில் மட்டும் எண்ணை எழுதி, விவரத்தை உறைக்குள் காகிதத்தில் வையுங்கள். நிற்க வைத்து அடுக்குங்கள், படுக்கையாக அல்ல.

சங்கடமான விஷயம் ஒன்று: தட்டு தங்கும், ஓட்டி தங்குமா? பானசோனிக் 2023-லும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதும் ப்ளூ-ரே தட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டன. ரைட்டர் இரண்டாக வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் தட்டுகளோடேயே வையுங்கள்.


நாடா_18

யாரும் டேப்பைச் சொல்லவில்லையே. உலகின் பெரிய ஒலி, ஒளிக் காப்பகங்கள் பலவும் எல்.டி.ஓ.வில் (கணினித் தகவலுக்கான காந்த நாடா) வைக்கின்றன. எல்.டி.ஓ-9 நாடா ஒன்று 18 டி.பி., சரியான சூழலில் 30 வருடம். எழுதத் தடுக்கும் தாழ்ப்பாள் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. எல்.டி.ஓ-5 முதல் எல்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை வந்ததால் பென்டிரைவ் போலத் திறந்து கோப்பைப் பார்க்கலாம்.


வட்டுப்பொறி

நாடா மலிவு, ஓட்டி மலிவில்லை. புது ஓட்டி லட்சங்களில் போகிறது, அதைக் கணினியோடு இணைக்கும் எஸ்.ஏ.எஸ். கார்டு, கேபிள், சுத்திகரிப்பு நாடா தனி. வருடத்துக்கு 430 ஜி.பி. சேரும் இடத்துக்கு எறும்பு ஊர்வலத்துக்கு யானை கட்டின கதை.

செகண்ட்ஹேண்டில் எல்.டி.ஓ-5, 6 ஓட்டி கிடைக்கும், அங்கேதான் பொறி. எல்.டி.ஓ-7 வரை ஒவ்வொரு ஓட்டியும் இரண்டு தலைமுறை பின்னால் படிக்கும். எல்.டி.ஓ-8 ஒரே ஒரு தலைமுறைதான், அதாவது 7-ஐப் படிக்கும், 6-ஐப் படிக்காது. இன்று 6-ல் எழுதி வைத்தால் இன்னும் பத்து வருடத்தில் பழைய 6 அல்லது 7 ஓட்டியைத் தேடி அலைய வேண்டும். நாடா இருக்கும், படிக்க வழி இருக்காது.


நாடா_18

ஒரு சபைக்குக் கட்டாது, ஒத்துக்கொள்கிறேன். திருமண்டலம் (மறைமாவட்டம்) ஒரு ஓட்டி வாங்கி, அதன் சபைத் தொகுதிகளான சேகரங்கள் வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைக் கொண்டுவந்து ஏற்றிச் செல்லும் ஏற்பாடு இருந்தால் கணக்கே வேறு. அப்படிச் செய்தாலும் அறை 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். தூசி உள்ள அறையில் ஓட்டியின் தலை சீக்கிரம் தேயும். எல்.டி.ஓ-9-ல் புது நாடாவை முதல் தடவை போடும்போது தன்னைத்தானே சீரமைக்க இரண்டு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். பழுதென்று நினைத்து ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.


முத்துநகர்_ஒலி

எல்லாருக்கும் நன்றி. மூன்று டிஸ்க், பிரசங்கத்துக்கு ப்ளூ-ரே, இதைக் கமிட்டியில் வைக்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம்.

1. சி.டி.யில் இருபது, முப்பது இப்போதே திறக்க மறுக்கின்றன. சில கேசட்டில் வெள்ளைப் பூசணம். எதை முதலில் எடுப்பது?
2. கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? பழைய பட்டியல் ஒன்று யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்தது இருக்கிறது.
3. ஏ.சி. விஷயத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?


கீற்றொளி

சி.டி.தான் முதலில். கேசட் அல்ல. கேசட் கெடும்போது இரைச்சல் ஏறும், உயர் சுரம் மங்கும், ஆனாலும் குரல் கேட்கும். சி.டி-ஆர் கெடும்போது ஒரு எல்லை வரை எதுவும் தெரியாது, அதைத் தாண்டியதும் கதவைச் சாத்திவிடும்.

முதலில் இரண்டு வகையாகப் பிரியுங்கள். எம்.பி.3 போட்ட தகவல் சி.டி.யில் ஒவ்வொரு செக்டரிலும் 2048 பைட் தகவல், மிச்சம் பெரும்பாலும் கூடுதல் பிழைத்திருத்தம். ஆடியோ சி.டி.யில் 2352 பைட்டும் ஒலியே, அந்தக் கூடுதல் காப்பு இல்லை. ஆகவே ஒரே வயது, ஒரே தட்டு என்றால் ஆடியோ சி.டி. முன்னாடி போகும். அதை முதலில் எடுங்கள்.

ஆடியோ சி.டி.க்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது சி.டி. பாரனோயா என்ற நிரல். பிழை வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். சாதாரண பிளேயர் மென்பொருள் விட்ட இடத்தைத் தானே ஊகித்து நிரப்பிவிட்டுச் சொல்லாமல் இருக்கும். தகவல் சி.டி.க்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல். முதல் ஓட்டத்தில் நல்ல பகுதியை மட்டும் அள்ளிக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டாவதில் கெட்ட இடத்தை மூன்று தடவை முயலச் சொல்லுங்கள். அது எழுதும் வரைபடக் கோப்பை அழிக்காதீர்கள். அதே தட்டை வேறொரு கம்பெனி டிரைவில் போட்டு அதே வரைபடத்தோடு தொடர்ந்தால், முதல் டிரைவ் விட்ட செக்டரை இரண்டாவது பிடிக்கும். மூன்று வேறு டிரைவ் இருந்தால் பிழைத்து வரும் தட்டின் எண்ணிக்கை நன்றாகவே கூடும்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடும், பிழைத்திருத்தத்தால் சமாளிக்க முடியாது. இன்னொன்று, சி.டி.யில் தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்று நினைத்து மேல்பக்கத்தைக் கீழே வைத்துத் தேய்ப்பார்கள். தகவல் படலம் மேல் வார்னிஷுக்கு நேர் கீழே இருக்கிறது. அடியில் விழுந்த கீறலை மெருகேற்றலாம், மேலே விழுந்தால் அந்த இடம் போனதுதான்.

கேசட்: பூசணம் வந்ததைத் தனியே பிரித்து மூடுங்கள், நல்ல டெக்கில் போடாதீர்கள். பூசணம் டெக்கின் வாசிப்புத் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். முதலில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் இரண்டு வாரம் உலரவிடுங்கள். திருகாணி உள்ள ஓடு என்றால் திறந்து சுருளின் பக்கவாட்டை மென்தூரிகையால் தட்டி எடுக்கலாம். ஒட்டிய ஓடு என்றால் உடைத்து, சுருளைப் புதுத் திருகாணி ஓட்டுக்கு மாற்றுங்கள். நாடாவைத் தலையோடு அழுத்தும் அந்தச் சின்னப் பஞ்சு பல கேசட்டில் உதிர்ந்திருக்கும். ஒலி மங்கிக் கேட்டால் முதலில் அதைப் பாருங்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்கும் முறை ஒட்டும் ஓப்பன் ரீல் நாடாவுக்கானது, கேசட்டில் முயல வேண்டாம், ஓடு வளைந்துபோகலாம்.

பதியும் முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் டெக்கில் தலையின் சாய்வை மாற்றும் அசிமத் திருகைக் காதால் கேட்டு, 'ச', 'ஸ' ஒலிகள் மிகத் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். டால்பி பி (இரைச்சல் குறைப்பு) போட்டுப் பதிந்ததா என்று உறையைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். உச்சம் –6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தலையைத் துடையுங்கள்.

மினி டி.வி.யையும் தள்ளிப்போடாதீர்கள். ஃபயர்வயர் (பழைய டிஜிட்டல் இணைப்பு) வழியாகத்தான் எடுக்க வேண்டும், மஞ்சள் சிவப்பு வெள்ளைக் கேபிளில் எடுத்தால் தரம் போகும். ஃபயர்வயர் உள்ள கணினியும் ஓடும் கேமராவும் சேர்ந்து கிடைப்பதே இனி அரிது.


எழுத்துரு

கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம் என்பது என் கட்சி. தமிழ்ப் பற்று இல்லாமலில்லை, காரணம் வேறு.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்துப் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான். விண்டோஸ் தட்டியதை அப்படியே வைக்கும். மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை பிரித்துப் போட்டு வைக்கும். மேக் வழியாக ஒருமுறை போய் வந்த டிஸ்க்கில் செக்சம் பட்டியலை ஓட்டினால் 'கோப்பு இல்லை' என்று வரும், கோப்போ கண்ணெதிரே இருக்கும். ஒ, ஓ, ஔ மூன்று வரிசைக்கும் இந்த வம்பு உண்டு.

நீளமும் இடிக்கும். லினக்ஸ் கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட்தான். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், 'கொ' போன்ற எழுத்துக்கு 6. "உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலை ஆராதனை" என்று தொடங்கி, கூடவே பிரசங்கியார் பெயர், வேதபகுதி என்று நீட்டினால் முட்டிக்கொள்ளும்.

ஆகவே கோப்பின் பெயர் வெறும் எண்: வருடம், மாதம், தேதி, ஆராதனை எண், பகுதி எண். 20240331-1-03 போல. வருடம் முன்னால் வந்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும். தமிழ் எல்லாம் பட்டியலில். ஒவ்வொரு வரியிலும் கோப்பு எண், பண்டிகை, பிரசங்கியார், வேதபகுதி, பாமாலை எண், கீர்த்தனை எண், பதிந்த கருவி, குறிப்பு. அதை யூ.டி.எஃப்-8 எழுத்துக் கோப்பாக எல்லா டிஸ்க்கிலும் தட்டிலும் வைத்து, தாளில் அச்சடித்து உறுப்பினர் பதிவேட்டோடும் சேருங்கள்.

பாமினிப் பட்டியலை இன்றே யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் கண்ணால் ஒருமுறை ஒப்பிடுங்கள், கொம்பு இடம் மாறுவதும் இடையில் வரும் ஆங்கிலச் சொல்லும் எண்ணும் தமிழாகிச் சிதைவதும் வழக்கம். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பட்டியல் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். ஒலியை மீட்டுவிட்டு அது யார் குரல் என்று தெரியாமல் போனால் பாதி வேலை வீண்.


அளவுகோல்

ஏ.சி. விஷயம்: ஞாயிறு மட்டும் ஓடும் ஏ.சி.யைவிட ஏ.சி. இல்லாத அறை தேவலை. வாரத்துக்கு ஒருமுறை குளிர்ந்து, அணைத்ததும் கடற்காற்று உள்ளே வந்து குளிர்ந்த பொருளின் மேல் வியர்க்கும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் மூச்சுத் துளை உண்டு. ஈரமும் உப்பும் அதன் வழியாகவும் போகும், பலகையின் தொடுமுனைகளையும் அரிக்கும்.

வெளிச்சுவரில் படாத அறையில், தரையிலிருந்து இரண்டு அடியாவது மேலே பீரோ. அதற்குள் ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 10 லிட்டர். அதில் 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. 40 சதவீதம் பக்கத்தில் நிற்க வேண்டும், 50-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு உள்ளே வையுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்தால் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். கோபுரம் உள்ள கட்டடம், மிக்சர், பெருக்கி எல்லாம் ஒரே மின்தடத்தில். ஐப்பசி இடியில் மிக்சரோடு டிஸ்க்கும் போகும். கேசட்டை மட்டும் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் அதைத்தான் பாதிக்கும்.

மூன்று டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால் அது ஒரு பிரதிதான். ஒன்று வெஸ்ட்ரியில், ஒன்று ஊருக்குள் செயலர் வீட்டில், ஒன்று கடலிலிருந்து தள்ளி வேறு ஊரில். ஆயர் குடியிருக்கும் குருமனையில் வைத்தால் ஆயர் மாற்றலாகும்போது சாமானோடு லாரி ஏறிவிடும், பதிவேட்டில் ஏறாத எதுவும் அங்கே தங்காது. திருவிருந்துப் பாத்திரங்களை எண்ணி ஒப்படைக்கும் அதே பட்டியலில் டிஸ்க்கின் வரிசை எண்ணையும் எழுதுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கமிட்டி மாறும், உங்கள் 4 டி.பி.யும் அப்போதுதான் நிறையும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். அங்கே இருப்பது மறுபடி சுருக்கிய பிரதி. உரிமைப் புகார் வந்தால் பாட்டு ஊமையாகும், கணக்கு யார் போனில் இருக்கிறதோ அவர் நம்பர் மாற்றினால் அதுவும் போயிற்று. இன்னொன்று, விண்ணப்ப ஜெபத்தில் நோயாளிகளின் பெயரும் குடும்ப விஷயமும் வரும். காப்பகத்தில் முழுதாக வைக்கலாம், வெளியே கொடுக்கும் பிரதியில் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.


முத்துநகர்_ஒலி

மிக்க நன்றி. கடைசியாக இரண்டு: ஜெல் நீலம் வாங்கவா, ஆரஞ்சு வாங்கவா? எல்லாம் ஏற்றிய பிறகு அந்தப் பழைய 2 டி.பி. டிஸ்க்கை அழித்து வாராந்தரப் பதிவுக்கு வைத்துக்கொள்ளலாமா?


வட்டுப்பொறி

ஆரஞ்சு. நீலத்தில் நிறத்துக்காகக் கோபால்ட் குளோரைடு சேர்க்கிறார்கள், நச்சு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் வேண்டாம். ஆரஞ்சு பச்சையானால் ஓ.டி.ஜி. அடுப்பில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, நிறம் திரும்பியதும் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். 120-ஐத் தாண்டினால் சாயம் கருகி, பிறகு நிறமே மாறாது.

பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். இன்றைக்கு அதுதான் ஒரே பிரதி, ஆகவே இதில் எழுதுவதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். கேசட், சி.டி. எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் புது டிஸ்க்குக்கு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது டிக்டிக் என்று சத்தம் வந்தாலோ ஒரே கோப்பில் நீண்ட நேரம் நின்றாலோ உடனே நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூவுக்கு மாறுங்கள். சாதாரண காப்பியை மறுபடி மறுபடி முயன்றால் இருக்கிற உயிரும் போய்விடும்.